பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வகுப்பு

பாடம், வீட்டுப்பாடம், கலந்துரையாடல் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த உதவும் மூடுல் (Moodle) எங்கள் பள்ளிக்கு வந்தது கொரோனா காலத்தில். பழைய மாணவர் ஒருவர் மென்பொருள் வேலையில் இருக்கிறார். அவர்தான் மலிவான வாடகை சர்வர் ஒன்றில் அதை நிறுவிக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. காசில்லாமல் கிடைக்கிறது என்பதுதான் எங்கள் நிர்வாகத்துக்குப் பிடித்த அம்சம். பள்ளி திறந்ததும் வீட்டுப்பாடம் பழையபடி நோட்டுக்குப் போய்விட்டது, மூடுலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் என்பதால் நான் மட்டும் சர்வர் வாடகையை வருஷா வருஷம் நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் கொரோனா இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. எங்களுடையது திருப்பூரை ஒட்டிய ஊர். அப்பா கட்டிங், அம்மா செக்கிங் என்று இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீடுகள்தான் அதிகம். ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கி எடுத்துக் கொடுத்த போன், பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகளிடமே தங்கிவிட்டது. ஓவர்டைம் முடிந்து பெற்றோர் வீடு வந்து சேர இரவு ஒன்பது, பத்து ஆகும். அதுவரை மொத்த வகுப்பும் போனுக்குள் கூடியிருக்கும். அங்கே பெரியவர் என்று ஒருவரும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் ஒரு பையனின் குரல் சுற்ற ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்பு, குரல் உடையும் வயது. காலைக் கூட்டத்தில் திருக்குறளுக்கு விளக்கம் வாசிக்கும்போது நடுவில் குரல் கீச்சென்று ஏறிவிட்டது. யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். (பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி இருக்கிறது, அவ்வளவுதான்.) அந்தச் சில விநாடிகளை வெட்டி, ஒரு சினிமா வசனத்தோடு ஒட்டி, ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அப்புறம் அவன் முகத்தை வைத்து ஸ்டிக்கர் வந்தது. வகுப்பு குரூப்பில் யார் என்ன கேட்டாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர்தான். எனக்கு விஷயம் தெரிந்தது தமிழ் டீச்சர் சொல்லி: "அட்டெண்டன்ஸ் எடுத்தா 'உள்ளேன் அம்மா'கூட சொல்ல மாட்டேங்கறான். கையை மட்டும் தூக்கறான். என்னன்னு கேட்டீங்களா?"

பள்ளிகள் வழக்கமாகச் செய்வதை நாங்களும் செய்தோம். கூட்டத்தில் ஒரு பேச்சு, சுவரில் உறுதிமொழி, 'இணையத்தில் கண்ணியம்' என்ற தலைப்பில் போஸ்டர் போட்டி. அந்த ஆடியோவை வெட்டியவனே போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினான். படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

இந்தப் பேச்சுகளில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். எல்லாப் பேச்சும் ஒன்று செய்தவனைப் பார்த்து, "செய்யாதே, ஜெயிலுக்குப் போவாய்" என்று சொல்லும். இல்லாவிட்டால் பட்டவனைப் பார்த்து, "தைரியமாக இரு, உடனே சொல்லு" என்று சொல்லும். நடுவில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்தவர்கள், சிரித்தவர்கள், தன் ஸ்டேட்டஸில் எடுத்து வைத்தவர்கள். அவர்களைப் பார்த்து ஒருவரும் பேசுவதில்லை. பள்ளிக் கொடுமைகளைப் பற்றி நார்வேயில் ஆய்வு செய்த டான் ஓல்வியஸ், வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவர் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது என்று மூன்று அடையாளங்கள் சொன்னார். போனில் நடக்கும்போது இரண்டாவது அடையாளம் கை மாறிவிடுகிறது. வெட்டி ஒட்டியவன் ஒரு தடவைதான் செய்கிறான். திரும்பத் திரும்பச் செய்வது மற்றவர்கள். ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-லேயே இந்த மற்றவர்களை வகை பிரித்துக் காட்டினார்: கூடச் சேர்ந்து செய்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கி நிற்பவர், பட்டவன் பக்கம் போய் நிற்பவர். அதன்மேல் எழுந்ததுதான் கீவா என்ற திட்டம். 2009-ல் ஃபின்லாந்துப் பள்ளிகள் முழுக்கப் பரவியது. வகுப்பறைப் பாடங்களோடு கணினி விளையாட்டுகளும் அதில் சேர்த்தி.

இதைப் படித்தபோதுதான் தூசி படிந்து கிடந்த மூடுல் ஞாபகம் வந்தது. எல்லாம் போனில் நடக்கிறது, நாம் மட்டும் மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதே மாதிரி ஒரு திரையில், எங்கள் வாசலுக்குள், அவசரமில்லாமல் அவர்களைப் பழக்கிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதல் வேலை, அந்த இடமே இன்னொரு குரூப்பாக மாறாமல் பார்த்துக்கொள்வது. சந்தேகம் இருந்தால் பிள்ளைகளிடம் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். திறந்த அன்றே ஒருவன் அந்த ஸ்டிக்கரைத் தன் புரொஃபைல் படமாக வைத்துவிட்டான். நிர்வாகி அமைப்பில் பயனர் படங்களையே நிறுத்திவைக்க வழி இருக்கிறது, நிறுத்தினோம். மாணவர்கள் தங்களுக்குள் அனுப்பும் தனிச் செய்தியையும் நிறுத்தினோம். பட்டப்பெயருக்கு இடமில்லை, வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்தான். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. பிள்ளைகளின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும் சொல்கிறது. டைரியில் நோட்டீஸ் ஒட்டிக் கையெழுத்து வாங்குவது நமக்குப் பழகிய வேலைதானே.

அடுத்தது கதை. மூடுலில் 'பாடம்' என்று ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் படித்து முடித்ததும் கீழே சில தேர்வுகள் வரும். எதை அழுத்துகிறோமோ அதற்கேற்ற பக்கம் திறக்கும். அதில் கவின் என்று ஒரு கற்பனைப் பையனை உருவாக்கினேன். கவினுக்குக் குரல் பிரச்சினை இல்லை. அவன் கபடியில் வழுக்கி விழுந்த வீடியோ சுற்றுகிறது. உண்மையில் நடந்ததற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவாகவே இருக்கக் கூடாது. அதுவாகவே இருந்தால் பாடம் முடிவதற்குள் எல்லோரும் அந்தப் பையனைத் திரும்பிப் பார்ப்பார்கள், அது இன்னொரு கொடுமை.

இந்த யோசனை என்னுடையது இல்லை. ஃபியர்நாட் என்று ஒரு மெய்நிகர்ப் பள்ளியை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு செய்தார்கள். எட்டிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கானது. திரையில் ஒரு கார்ட்டூன் பிள்ளை அடிபடும். பார்க்கும் பிள்ளை அதற்கு நண்பனாக இருந்து யோசனை சொல்லும். அடுத்த காட்சி அந்த யோசனையைப் பொறுத்து நடக்கும். இங்கிலாந்து, ஜெர்மனிப் பள்ளிகளில் சோதித்தபோது, ஏற்கெனவே கொடுமைக்கு ஆளாகிக்கொண்டிருந்த பிள்ளைகளில் கொஞ்சம் பேர் அதிலிருந்து வெளியே வர உதவியிருக்கிறது. ஆனால் பலன் நீடிக்கவில்லை, சீக்கிரமே மங்கிவிட்டது. ஒரு தடவை நடத்தி முடித்து 'டிக்' போடும் வேலை இல்லை என்பதற்கு அதையே ஆதாரமாக வைத்து, தலைமையாசிரியரிடம் தொடர்ந்து லேப் பீரியடு கேட்டு வாங்கினேன். எங்களிடம் கார்ட்டூன் கிடையாது. வெறும் எழுத்தும், எங்கள் டிராயிங் மாஸ்டர் வரைந்த சில படங்களும்தான். அதுவே போதுமாக இருந்தது.

கவினுக்கு நான் வைத்த தேர்வுகள்: பதிலுக்குத் திட்டு, குரூப்பை விட்டு வெளியேறு, பிளாக் செய், அம்மாவிடம் சொல், டீச்சரிடம் சொல், ஒன்றும் செய்யாதே. பிள்ளைகள் அதைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். "மிஸ், குரூப்ல லெஃப்ட் ஆனா நாளைக்கே கேப்பாங்க, 'என்னடா கோவிச்சுட்டுப் போயிட்டயா'ன்னு." வாட்ஸ்அப்பில் 2022-லிருந்து வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும் என்று சொன்னேன். "பழைய மெம்பர்னு 60 நாளைக்குப் பேர் தெரியும் மிஸ்" என்றாள் ஒருத்தி. தெரியும்தான். ஆக, அந்தக் கிளையை அவர்களே எழுதினார்கள்: வெளியேறாதே, மியூட் போடு, ஆர்க்கைவில் தள்ளு, ஒரு வாரம் திறக்காதே. பிளாக் செய்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுபவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் 2019-லிருந்து 'ரெஸ்ட்ரிக்ட்' இருக்கிறது என்பதும் அப்போதுதான் பேச்சில் வந்தது. அவன் போடும் கமெண்ட் அவனுக்குத் தெரியும், நாம் அனுமதிக்காமல் மற்றவர்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தகவலும் போகாது. பாதிப் பிள்ளைகளுக்கு இது தெரிந்தே இருந்தது, எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் தெரியாது.

'அம்மாவிடம் சொல்', 'டீச்சரிடம் சொல்' இரண்டையும் அழுத்தியவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று கேட்டதற்கு வந்த பதிலை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவருகிறேன்: "சொன்னா போனைப் புடுங்கிக்குவாங்க மிஸ்." அடி வாங்கியவனிடமிருந்தே போன் பறிபோனால் அவனுக்கு அது இரண்டாவது தண்டனை. அடுத்த தடவை அவன் வாயைத் திறக்க மாட்டான். கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "அப்ப போனை அவன்கிட்டயே குடுத்துட்டு நாங்க என்னங்க பண்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "உன் போனை எடுக்க மாட்டேன், என்ன நடந்ததுன்னு மட்டும் காட்டு" என்ற ஒரு வாக்கியத்தை எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லவைத்தேன். கொஞ்சம் நாடகத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு நேராக வந்து உட்கார்ந்திருந்தவர்கள் கேலி செய்யாமல் சொன்னார்கள்.

இத்தனையிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு வசதி. மூடுலின் கலந்துரையாடல் வகைகளில் 'கேள்வி-பதில்' என்று ஒன்று இருக்கிறது. அதில் தன் பதிலை எழுதாமல் மற்றவர் பதிலைப் பார்க்க முடியாது. எழுதினாலும் உடனே திறக்காது. திருத்துவதற்குக் கொடுத்திருக்கும் நேரம், வழக்கமாக முப்பது நிமிடம், கழிந்த பிறகே திறக்கும். வகுப்பறையில் ஒரு கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பெஞ்சில் ஒருத்தி நல்ல பதில் சொல்வாள், கடைசி பெஞ்சில் ஒருவன் ஏதோ முனகுவான், மற்ற எல்லோரும் அந்த இரண்டில் ஒன்றின் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள். இங்கே ஒளிய முடியாது.

நான் கேட்ட கேள்வி இது: "கவின் வீடியோ குரூப்பில் வந்தபோது நீ சிரிக்கிற எமோஜி போட்டாய். உண்மையில் உன் மனசில் என்ன ஓடியது?" போட்டாயா என்று கேட்கவில்லை. போட்டாய் என்றே வைத்துக்கொண்டேன், கதைதானே. லேப்பில் எல்லோரும் தட்டினார்கள். தமிழில் தட்டச்சு தெரியாதவர்கள் தங்கிலீஷில் அடித்தார்கள், நான் திருத்தப் போகவில்லை. அடுத்த பீரியடு வரும்போதுதான் மற்றவர்கள் எழுதியது அவர்களுக்குத் தெரிந்தது.

லேப் அமைதியாகிவிட்டது. எழுதியவர்களில் பெரும்பாலானோர், வார்த்தைதான் வேறு, ஒன்றையே எழுதியிருந்தார்கள்: எனக்குப் பிடிக்கவில்லை, போடாவிட்டால் அடுத்து நான் மாட்டுவேன் என்று போட்டேன். ஒவ்வொருவரும் தான் ஒருத்தன்தான் இப்படி, மற்ற எல்லோரும் நிஜமாகவே ரசித்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். சிலர் "செம காமெடியா இருந்துச்சு" என்றும் நேர்மையாக எழுதியிருந்தார்கள். அதையும் நான் அழிக்கவில்லை. ஆனால் அது சிறுபான்மை என்பது இப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எத்தனை பேச்சாளரைக் கூட்டிவந்தாலும் அந்த அரை மணி நேரத் தாமதம் செய்த வேலையைச் செய்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

அடுத்த கேள்வி, "ஹீரோ ஆகாமல், மாட்டிக்கொள்ளாமல், நீ என்ன செய்திருக்கலாம்?" இங்கேதான் பிள்ளைகளுடைய புத்தி வெளிச்சத்துக்கு வந்தது. ஃபார்வர்டு பண்ணாமல் விடலாம். எமோஜி போடாமல் 'சீன்' ஆக்கிவிட்டுப் போகலாம். நாளைய டெஸ்ட் போர்ஷன் என்ன என்று கேட்டுப் பேச்சைத் திருப்பலாம். அட்மினுக்குத் தனியாகச் சொல்லலாம். குரூப் அட்மின் யார் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் அழிக்க முடியும் என்பதை எங்கள் வகுப்பு அட்மினே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். கடைசியாக ஒரு பையன் எழுதியிருந்தான்: "தனியா மெசேஜ் போடலாம். 'பாத்தேன்டா, எனக்கு அது புடிக்கல'ன்னு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்." அதைக் கதையில் ஒரு கிளையாகவே சேர்த்துவிட்டேன்.

நிஜத்தில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். குரல் உடைந்த பையனுக்கு அப்படி நாலைந்து மெசேஜ் போயிருக்கிறது என்று பிற்பாடு அவனே சொன்னான். வெட்டி ஒட்டியவன் ஆடியோவை அழித்தான். மற்றவர்கள் போனில் எங்கெங்கே இருக்கிறதோ. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நண்பர்களாகவில்லை, ஒரே பெஞ்சில் உட்காரவும் இல்லை. ஸ்டிக்கர் வருவது குறைந்தது, அப்புறம் நின்றது. கொஞ்ச மாதத்தில் அவன் குரலும் கீழே இறங்கி நிலைத்துவிட்டது, கிண்டலுக்கு விஷயமே இல்லாமல் போய்விட்டது. இதில் எவ்வளவு மூடுல், எவ்வளவு காலம் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

அவனுக்கென்று தனியாக ஒன்று செய்தோம். மூடுலில் 'ஒப்படைப்பு' என்று வீட்டுப்பாடம் வாங்கும் பகுதி இருக்கிறதே, அதில் 'அனுப்பாத பதில்கள்' என்று ஒன்றைத் திறந்தேன். மாணவர் எழுதுவது ஆசிரியருக்கு மட்டும் தெரியும். யாருக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ எழுதலாம், கெட்ட வார்த்தைகூட வரலாம், மதிப்பெண் கிடையாது. மனசில் கிடப்பதை எழுதுவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களிலிருந்தே ஆய்வு செய்துவருகிறார். வகுப்பு முழுவதற்கும் திறந்ததால் அவனைத் தனியாகக் குறிவைத்த மாதிரியும் இல்லை. யாரையும் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் முதலில் எதுவும் எழுதவில்லை. பிறகு எழுதினான். என்ன எழுதினான் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு முக்கியமான இடறல் உண்டு, தொடங்குமுன் யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் பல பெண்களுக்குச் சொந்தப் போன் கிடையாது. அண்ணன் போன், அல்லது அப்பா போன். அதில் மூடுலைத் திறந்துவிட்டு வெளியேறாமல் வைத்தால் அவள் எழுதியதை அண்ணன் படிப்பான். ஒருத்தி பயந்துபோய் என்னிடம் வந்த பிறகு, தனியாக எழுதும் பகுதிகளை லேப் நேரத்தில் மட்டும் திறக்கும்படி மாற்றிவிட்டோம். செயல்பாடு திறந்திருக்கும் நேரத்தை வகுப்பு நேரத்தோடு பொருத்திவிட்டால் போதும். எழுதி முடித்து எழுந்திருக்கும்போது 'லாக் அவுட்' ஆகிவிட்டதா என்று பக்கத்துச் சீட்டுக்காரி பார்க்க வேண்டும் என்பது லேப் விதி.

பள்ளியின் பெயரில் 'கன்ஃபெஷன் பேஜ்' வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இது எல்லா ஊரிலும் உள்ள வியாதி. யாரோ முகம் தெரியாத ஒருவர் கணக்கு தொடங்குவார். யார் யாரை 'லவ்' பண்ணுகிறார், எந்த டீச்சர் எப்படி என்று பிள்ளைகள் அனுப்புவதைப் பெயர் போடாமல் வெளியிடுவார். பெண்களைப் பற்றி வந்தது வெறும் கிண்டல் இல்லை. முதலில் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. மூடுலில் 'பின்னூட்டம்' என்ற பகுதியைப் பெயர் பதியாத முறையில் வைத்திருந்தோம். பார்த்த ஒருவர் அங்கே வந்து எழுதிவிட்டுப் போனார். பெயர் தெரியாத ஒரு பக்கத்தைப் பற்றிப் பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த தகவல்.

பெயரில்லாமல் எழுத ஒரு பெட்டி வைப்பதற்கு முன் பிள்ளைகளிடம் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெட்டியில் எழுதினால் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எனவே உயிருக்கு ஆபத்து, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால் பெட்டியில் போடாதே, நேரில் வா அல்லது போன் செய். இன்னொன்று, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் சம்பந்தமான விஷயமாக இருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: "தேவைப்பட்டவங்களுக்கு மட்டும் சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

ஆதாரம் எடுப்பதைக் கதையில் தனிப் பாடமாக வைத்தேன், ஏனென்றால் பிள்ளைகள் அவமானத்தில் முதலில் செய்வது எல்லாவற்றையும் அழிப்பது. பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட். அதில் கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரிய வேண்டும். காட்டும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பதால் பக்கத்தின் இணைப்பையும் நகலெடுத்து வைக்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு விலக்கு, அதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்: பதினெட்டு வயதுக்குட்பட்ட யாருடைய அந்தரங்கப் படமாக இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதே, ஆதாரம் என்று டீச்சருக்கும் அனுப்பாதே. அதை வைத்திருப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் போக்ஸோவிலும் வந்து நிற்கும். சென்னையில் பதிவான வழக்கு ஒன்றில் இப்படிப்பட்ட படத்தை வைத்திருந்ததும் பார்த்ததும் மட்டுமே குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. இணைப்பை மட்டும் குறித்துக்கொண்டு போலீஸுக்குப் போக வேண்டும். ஆசிரியர்கள் குரூப்பில் "இதைப் பாருங்கள், என்ன அநியாயம்" என்று அனுப்பும் பெரியவர்களுக்கும் இதே விதிதான், அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. தன் படமே வெளியே போய்விட்ட பிள்ளைக்கு 'டேக் இட் டவுன்' என்ற சேவை இருக்கிறது; 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் காணாமற்போன குழந்தைகள் மையம் தொடங்கியது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. நம் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண் அடையாளம் உண்டாகும். சேவையில் சேர்ந்த தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கும்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. விழிப்புணர்வுக் கூட்டங்களில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் '66ஏ' பிரிவு என்று பிள்ளைகளைப் பயமுறுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. இல்லாத சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் கூகுளில் தேடிப் பார்க்கத் தெரிந்த பிள்ளை இருக்கிற சட்டத்தையும் நம்பாது.

எண்கள் எல்லாம் மூடுலின் முதல் பக்கத்தில், எந்தப் பாடத்தைத் திறந்தாலும் தெரியும் இடத்தில் இருக்கின்றன. குழந்தைகளுக்கு 1098. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417. மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். இணையக் குற்றத்துக்கு 1930. ஆனால் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரை மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், பலருக்கும் 1930 பணம் போனால் கூப்பிடும் எண்ணாக மட்டும்தான் தெரிந்திருக்கிறது. எண்களை எழுதி வைப்பதோடு விடாமல், "கூப்பிட்டால் முதலில் என்ன சொல்வாய்?" என்று ஒரு பயிற்சி வைத்தோம். "ஹலோ, நான் ஒன்பதாவது படிக்கிறேன்" என்பதற்கு மேல் பல பேருக்கு வார்த்தை வரவில்லை. எழுதிப் பார்த்த பிறகு வந்தது.

மூடுல் இல்லாத பள்ளி என்ன செய்வது என்று பக்கத்து ஊர் டீச்சர்கள் கேட்கிறார்கள். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் வாங்காமல் பதில் பெற்று, பெயரில்லாமலே அவற்றைத் தொகுத்து, மறுநாள் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். போனே இல்லையென்றால் துண்டுக் காகிதம் போதும். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்றே ஒன்று, பதில்களை வாசிக்கும்போது குரலில் ஏற்ற இறக்கம் வேண்டாம். "பாத்தீங்களா" என்று ஒரு வார்த்தை சேர்த்தால்கூட அது மைக் பேச்சாகிவிடும்.

இந்த ஜூனில் வரும் ஒன்பதாம் வகுப்புக்குக் கபடி வீடியோ பழசு. போன ஆண்டுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து புதிய கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதில் வரும் பெண் எதையுமே பேசவில்லை. அவள் குரலை ஏஐ வைத்து உண்டாக்கி, அவள் சொல்லாததைச் சொல்லவைத்திருக்கிறார்கள். நான் கற்றுக்கொடுத்ததில் இல்லை, அவர்களே கொண்டுவந்தார்கள். கிளைகள் ஏறக்குறைய தயார். ஒரு இடத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டை ஓயவில்லை: அதைச் செய்தது அவளுடைய நெருங்கிய தோழிதான் என்று தெரியவந்தால், அந்தப் பக்கத்தின் கீழே என்னென்ன தேர்வுகள் வைப்பது?